ஹவாய்: பதிமூணு எழுத்து, ஐம்பதுக்கும் குறைவான குழந்தைகள்

ஹவாய் மொழியில மொத்தமே 13 எழுத்துதான் மக்களே. உயிர் அஞ்சு, மெய் ஏழு. அதுக்கு மேல, தொண்டையில காத்தை ஒரு கணம் நிறுத்தி விடற சத்தத்துக்கு ஒரு குறி. அவ்வளவுதான். 247 எழுத்தையும் சிலேட்டுல எழுதி எழுதி வளர்ந்த நமக்கு இதைப் பாத்தா கொஞ்சம் பொறாமையாக்கூட இருக்கும் :-)

இந்த எழுத்துக்களை ஓட்டுப் போட்டுத்தான் முடிவு பண்ணாங்கங்கறது இன்னும் சுவாரசியம். 1820-ல் அமெரிக்காவுல இருந்து வந்த கிறித்தவ மிஷனரிகள் 1822-ல் அச்சு வேலையை ஆரம்பிச்சாங்க. அப்ப ஒரு சிக்கல். ஒரே சொல்லை ஒருத்தர் 'க' போட்டுச் சொல்றார், இன்னொருத்தர் 'த' போட்டுச் சொல்றார். ஒருத்தருக்கு 'ல', இன்னொருத்தருக்கு 'ர'. பேசறவங்களுக்கு அதுல ஒரு வித்தியாசமும் இல்ல, ஆனா அச்சுக் கோக்கறவனுக்குத் தலைவலி. 1826-ல் மிஷனரிகள் கூடி ஒவ்வொரு எழுத்துக்கும் ஓட்டெடுத்து, 'க'வை வச்சுக்கிட்டு 'த'வைத் தள்ளிட்டாங்க. 'தமேஹமேஹா'ன்னும் சொல்லப்பட்ட ராஜா எல்லாப் புத்தகத்துலயும் 'கமேஹமேஹா' ஆனது அப்படித்தான். தோத்துப்போன அந்த 'த'வை ஞாபகம் வச்சுக்கங்க, பின்னாடி வருது.

எழுத்து வந்ததும் ஜனங்க அதை அள்ளிக்கிட்டாங்க. 1831-ல் மாவி தீவுல லஹாய்னாலுனா பள்ளி. 1834-ல் அங்கேயே முதல் ஹவாய் மொழிப் பத்திரிகை. 1840-களுக்குள்ள தீவெங்கும் ஹவாய் மொழியிலேயே பாடம் சொல்லித்தர்ற அரசுப் பள்ளிகள். அந்த நூற்றாண்டுல உலகத்துலயே எழுதப் படிக்கத் தெரிஞ்சவங்க விகிதம் அதிகமா இருந்த நாடுகள்ல ஹவாய் ராஜ்ஜியமும் ஒண்ணு. 1834-ல் இருந்து 1948 வரைக்கும் ஹவாய் மொழியில நூத்துக்கும் மேல பத்திரிகைகள் வந்து, சுமார் 1,25,000 பக்கங்கள் அச்சாகியிருக்கு. பழங்கதை, குலவரிசை, மந்திரப் பாட்டு, அரசியல் சண்டை, இரங்கல் குறிப்பு, மீன் பிடிக்கிற நுட்பம்னு எல்லாமே. கிழவர்கள் சாகறதுக்குள்ள தெரிஞ்சதை எழுதி வச்சிடுங்கன்னு வாசகர்களைக் கேட்டு வாங்கிப் போட்டிருக்காங்க. நம்ம உ.வே.சா. ஏட்டுச்சுவடிக்காக வீடு வீடா ஏறி இறங்கின அதே நூற்றாண்டுதான்.

அப்புறம் எப்படிச் சரிஞ்சது? ஒரே காரணம் சொல்லி முடிக்க முடியாது. 1778-ல் கேப்டன் குக் வந்ததுல இருந்தே வெளிநாட்டு நோய்கள் ஜனங்களை வாரிக்கிட்டுப் போச்சு. 1890 கணக்கெடுப்புல கலப்பினத்தாரையும் சேத்தே ஹவாய்க்காரங்க சுமார் 40,000 பேர்தான். கரும்புத் தோட்ட முதலாளிகள் கையில பணம், பணத்தோட ஆங்கிலம். பல பெற்றோர் தாங்களாவே பிள்ளைங்களை ஆங்கிலப் பள்ளிக்கு மாத்த ஆரம்பிச்சது சட்டம் வர்றதுக்கு முன்னாடியே நடந்த கதை. இதைச் சிலர் எழுதறப்ப விட்டுடறாங்க. 'ஒரு சட்டம் வந்துச்சு, மொழி செத்துச்சு'ன்னா கேக்க நல்லா இருக்கும், ஆனா நடந்தது அவ்வளவு நேரா இல்ல.

சட்டம் வந்ததும் உண்மைதான். 1893 ஜனவரியில, அமெரிக்கக் கப்பல்படை வீரர்கள் கரையில இறங்கி நிக்க, வெள்ளைக்கார வியாபாரிகளும் தோட்டக்காரர்களும் சேந்து அரசி லிலியுவோகலானியைக் கவுத்துட்டாங்க. அவங்க அமைச்ச குடியரசு 1896-ல் ஒரு சட்டம் போட்டது: அரசுப் பள்ளியோ தனியார் பள்ளியோ, ஆங்கிலம்தான் பயிற்றுமொழி. மத்த மொழியைத் தனிப் பாடமா வேணும்னா கல்வித்துறை அனுமதியோட வச்சுக்கலாம். 'ஹவாய் மொழிக்குத் தடை'ன்னு சட்டத்துல ஒரு வரியும் கிடையாது. பயிற்றுமொழி எதுன்னு மட்டும் சொல்லிட்டு நிறுத்திக்கிட்டாங்க. அதுவே போதுமானதா இருந்துச்சு.

அடுத்த வருஷம் 1897-ல் ஒண்ணு நடந்தது. ஹவாயை அமெரிக்காவோட சேக்காதீங்கன்னு ஊர் ஊரா, தீவு தீவா ஒரு மனு சுத்தி வந்தது. ஹவாய் மொழியிலயும் ஆங்கிலத்துலயும் அச்சடிச்ச மனு. கையெழுத்து 21,000-க்கும் மேல! மொத்த ஜனமே 40,000-ன்னு இப்பத்தான் சொன்னேன். அந்தக் கணக்கைக் கொஞ்சம் மனசுல ஓட்டிப் பாருங்க. ஆனாலும் 1898-ல் அமெரிக்கா எடுத்துக்கிச்சு. மனுவும் அமெரிக்க ஆவணக் காப்பகத்துக்குள்ள போயி, 1990-களில்தான் பரவலா வெளிச்சத்துக்கு வந்தது. தன் கொள்ளுத்தாத்தாவோட கையெழுத்தை அதுல தேடிக் கண்டுபிடிச்சவங்க எத்தனையோ பேர்.

பள்ளிக்கூடத்துல தாய்மொழி பேசினா அடி. அடி வாங்கின தலைமுறை தாத்தா பாட்டி ஆனதும், தங்களுக்குள்ள ஹவாய் மொழியில பேசிக்கிட்டாங்க, பேரப்பிள்ளை உள்ள வந்தா ஆங்கிலத்துக்கு மாறிக்கிட்டாங்க. வெறுப்புல இல்ல, 'நாம பட்டது இதுக்கும் வேணாம்'ங்கற பாசத்துல. எந்தச் சட்டத்தாலயும் பண்ண முடியாத வேலையை அந்தப் பாசம் பண்ணிடுச்சு.

தப்பிச்சது நீஹாவ்ங்கற ஒரே ஒரு குட்டித் தீவு. 1864-ல் சின்க்ளேர்ங்கற குடும்பம் 10,000 டாலருக்கு ராஜாகிட்ட இருந்து அதை வாங்கிடுச்சு (தீவை!). வெளியாளுங்க நினைச்சபடி உள்ள போக முடியாது. அந்தத் தனிமைதான் மொழியைக் காப்பாத்துச்சு. அங்கே இருந்த சில நூறு பேர் வீட்டுல, தெருவுல எல்லாம் ஹவாய் மொழியே பேசினாங்க. 1826-ல் தோத்த அந்த 'த'வையும் விடாம :-)

1970-கள்ல ஒரு விழிப்பு வந்தது. 1976-ல் ஹோகுலேயாங்கற பாய்மர இரட்டைப் படகு, நட்சத்திரத்தையும் அலையையும் மட்டுமே பாத்துக்கிட்டு தாஹிட்டி வரைக்கும் போய்ச் சேந்தது. 1978-ல் மாநில அரசியலமைப்பைத் திருத்தி ஹவாய் மொழியை ஆங்கிலத்தோட சேத்து ஆட்சிமொழின்னு அறிவிச்சாங்க. கைதட்டல், மாலை, எல்லாம் ஆச்சு. ஆனா அரசுப் பள்ளியில அந்த மொழியில பாடம் நடத்தறது அப்பவும் சட்டவிரோதம்தான்! 1896 சட்டத்தோட வாலை வெட்ட யாருக்கும் ஞாபகம் இல்ல.

லாரி கிமுரான்னு ஒருத்தர். அப்பா ஜப்பானியர், அம்மா ஹவாய்க்காரங்க. 1972-ல் இருந்து 1988 வரைக்கும் வானொலியில ஒரு நிகழ்ச்சி நடத்தினார். ஹவாய் மொழியைத் தாய்மொழியாப் பேசற வயசானவங்களைக் கூப்பிட்டு வச்சு அரட்டை, கதை, நேயர்களோட தொலைபேசிப் பேச்சு. அன்னைக்கு அதைச் சும்மா ஒரு நிகழ்ச்சியாத்தான் கேட்டிருப்பாங்க. அந்தக் குரல்கள்ல பெரும்பாலானவை இப்ப இல்ல, ஒலிநாடா இருக்கு. பல்கலைக்கழகத்துல மொழி படிச்ச இளவட்டங்களுக்கு வட்டார வழக்கு, கிண்டல், சலிப்பு, திட்டு எல்லாம் எப்படி ஒலிக்கும்னு கத்துக்கொடுத்ததே அந்த நாடாக்கள்தான்.

ஆனா 1980-களோட தொடக்கத்துல எண்ணிப் பாத்தா நிலைமை பயங்கரமா இருந்துச்சு. 18 வயசுக்குக் கீழே ஹவாய் மொழி பேசற பிள்ளைங்க, நீஹாவையும் சேத்து, 50-க்கும் குறைவுன்னு மதிப்பிட்டாங்க. கல்லூரியில நூத்துக்கணக்குல மாணவர்கள் படிக்கறாங்க, பாட்டுக் கச்சேரி களைகட்டுது, ஹூலா வகுப்புல இடம் கிடைக்கல, ஆனா அந்த மொழியில அடம் பிடிச்சு அழறதுக்குக் குழந்தை இல்ல.

வழி நியூசிலாந்துல இருந்து வந்தது. அங்கே மாவோரிகளுக்கும் இதே பிரச்சனை. 1982-ல் வெலிங்டன் பக்கத்துல வைனுயோமாட்டாங்கற இடத்துல 'கோஹங்கா ரேயோ' ஆரம்பிச்சாங்க. 'மொழிக் கூடு'ன்னு அர்த்தம். பள்ளிக்கூட வயசு வர்றதுக்கு முன்னாடியே குழந்தைகளைப் பாட்டி தாத்தாக்கள் கையில கொடுத்துடணும். நாள் முழுக்க மாவோரி மட்டும். பாடம் கிடையாது, இலக்கணம் கிடையாது. சாப்பாடு, தூக்கம், சண்டை, சமாதானம் எல்லாம் அந்த மொழியில. மாவோரி அறிஞர் டிமோட்டி காரெட்டு ஹவாய்க்கு வந்தப்ப இதைப் பத்திச் சொன்னார். அங்கே இருந்தவங்களுக்குப் பொறி தட்டிடுச்சு. 1983-ல் கிமுரா, கவனோயே கமனா, வில்லியம் வில்சன், நீஹாவ்ல பிறந்த இலேய் பெனியாமினா இன்னும் சிலர் சேந்து 'ஆஹா பூனானா லேயோ'ங்கற அமைப்பை உண்டாக்கினாங்க. பூனானான்னா கூடு, லேயோன்னா குரல். (கமனாவும் வில்சனும் கணவன் மனைவி. ரெண்டு பேருக்குமே ஹவாய் தாய்மொழி கிடையாது, படிச்சுக் கத்துக்கிட்டது. ஆனாலும் பிறந்த குழந்தைகள்கிட்ட வீட்டுல ஹவாய் மட்டுமே பேசறதுன்னு முடிவெடுத்து அதைச் செஞ்சும் காட்டினவங்க.)

இந்த இடத்துல கொஞ்சம் நிறுத்தறேன். வெளிநாட்டுல இருக்கற நம்ம மக்கள் நடத்தற ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்? அங்கே மொழி ஒரு பாடம். கூட்டுல மொழிங்கறது காத்து மாதிரி, யாரும் அதைச் சொல்லித்தர்றதில்ல. வாரத்துக்கு ரெண்டு மணி நேரம் அ, ஆ எழுதற குழந்தைக்கு அ, ஆ தெரியும். 'என் பொம்மையைக் கொடுடா'ன்னு தமிழ்ல சண்டை போடத் தெரியுமான்னா அது வேற கேள்வி. ஞாயிற்றுக்கிழமை வகுப்பைக் குறை சொல்லல. தன் ஓய்வு நாளைக் கொடுத்து நடத்தறவங்களைப் பாத்தா எனக்கு மரியாதைதான். ஆனா ரெண்டும் ஒண்ணுன்னு நினைச்சா ஏமாந்து போவோம்.

முதல் கூடு 1984-ல் காவாய் தீவுல கேகாஹாங்கற ஊர்ல ஆரம்பிச்சது. (காவாய்னதும் நம்மாளுங்களுக்கு அங்கே இருக்கற சைவ ஆதீனமும் கருங்கல் இறைவன் கோயிலும் ஞாபகம் வரும். அதே தீவுதான்.) நீஹாவ்ல இருந்து குடிபெயர்ந்த குடும்பங்கள் கேகாஹாவுல இருந்ததால அந்த ஊரைத் தேர்ந்தெடுத்தாங்க. 1985-ல் ஹீலோவுலயும் ஹொனலுலுவுலயும் அடுத்தடுத்த கூடுகள்.

உடனே அரசாங்கம் கதவைத் தட்டிச்சு. குழந்தைகள் காப்பகம்னா ஆசிரியைக்குக் குழந்தைக் கல்வியில பட்டயம் இருக்கணும், விதி அது. எழுபது வயசு நீஹாவ் பாட்டிக்குப் பட்டயத்துக்கு எங்கே போறது? பட்டயம் வச்சிருக்கறவங்களுக்கோ ஹவாய் மொழி தெரியாது. ரெண்டையும் சேத்து வச்சிருக்கற ஒரு ஆளை உலகம் முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. காரணம், அந்தப் படிப்பை ஹவாய் மொழியில யாரும் நடத்தவே இல்ல. பெற்றோர்களும் ஆசிரியர்களும் மூணு வருஷம் சட்டமன்றத்துக்கு நடையா நடந்தாங்க. 1986-ல் ஒருவழியா சட்டம் மாறிச்சு. பள்ளியில ஹவாய் மொழியைப் பயிற்றுமொழியா வச்சுக்கலாம், பூனானா லேயோ ஆசிரியர்களுக்குப் பட்டயம் கட்டாயமில்ல. 1896-ல் போட்ட முடிச்சை அவுக்க 90 வருஷம்.

அதுக்குள்ள அடுத்த நெருக்கடி. கூட்டுல வளர்ந்த குழந்தைங்களுக்கு அஞ்சு வயசு ஆயிடுச்சு. எங்கே அனுப்பறது? ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பினா ஆறு மாசத்துல எல்லாம் கரைஞ்சிடும். ஹீலோவுல பெற்றோர் 'அனுப்ப மாட்டோம்'னு சொல்லி, தாங்களே பாலர் வகுப்பை நடத்தி, அரசுப் பள்ளியைப் புறக்கணிச்சாங்க. 1987-ல் கல்வி வாரியம் இறங்கி வந்து, ஹீலோ பக்கத்துல கேவ்கஹாவுலயும், ஓவாஹு தீவுல வையாவுலயும் சோதனை முறையில வகுப்புகளைத் திறந்தது. சோதனைன்னா என்ன, வருஷா வருஷம் 'அடுத்த வகுப்பு இருக்குமா இருக்காதா'ன்னு திகில். முதல் செட் பிள்ளைங்க ஒவ்வொரு வகுப்பா ஏற ஏற, பின்னாடியே பாடத்திட்டம் ஓடி வந்தது. பாலம் கட்டிக்கிட்டே பஸ் ஓட்டற கதைதான்.

புத்தகம்? அதுவும் இல்ல. ஆங்கிலப் படப் புத்தகத்தை வாங்கி, ஹவாய் மொழியில தட்டச்சு செஞ்ச வரிகளைக் கத்தரிச்சு, ஆங்கில வரி மேல பசை போட்டு ஒட்டினாங்க. ராத்திரி உக்காந்து ஒட்டினது அப்பா அம்மாக்கள்தான். பூனானா லேயோவுல பிள்ளையைச் சேக்கணும்னா கட்டணம் மட்டும் போதாது. பெற்றோரும் மொழி வகுப்புக்கு வரணும், மாசம் 8 மணி நேரம் பள்ளிக்கு உடலுழைப்பும் கொடுக்கணும். கூரை ஒட்டறதோ, தோட்ட வேலையோ, புத்தகம் ஒட்டறதோ. 'ஃபீஸ் கட்டிட்டேன், மொழியைக் கையில கொடு'ங்கற பேச்சுக்கே இடமில்ல.

நம்ம தொழில்காரங்களுக்கு இது பழகின சிக்கல். ஒரு மொழிக்கான கம்பைலரை அந்த மொழியிலேயே எழுதணும்னா, முதல் கம்பைலரை எதுல எழுதறது? வேற ஏதாவது ஒண்ணுல சுமாரா ஒண்ணை எழுதி, அதை வச்சு அடுத்ததை நல்லா எழுதி, அப்புறம் பழசைத் தூக்கிப் போடுவோம். இங்கேயும் அப்படித்தான். மொழியைப் படிச்சுக் கத்துக்கிட்ட ஆசிரியர்கள் மூலமா, அதைப் பேசியே வளர்ற குழந்தைகள். ஆனா சுமாரான முதல் கம்பைலரோட குணம் அடுத்ததுலயும் கொஞ்சம் ஒட்டிக்கும் இல்லையா? அந்த வாதம் வராம இல்ல. பள்ளிப் பிள்ளைங்க பேசறது 'பல்கலைக்கழக ஹவாய்', அதுல ஆங்கில வாக்கிய வாசம் அடிக்குதுன்னு தாய்மொழிக்காரங்க சிலர் சொன்னாங்க. பள்ளியில சொல்லித்தர்றது 'க'. நீஹாவ்ல பேசறது 'த'. 1826-ல் போட்ட ஓட்டு இன்னும் எண்ணி முடியல! என் கட்சி என்னன்னா, அந்தக் குறை உண்மைதான், ஆனா குறையில்லாத ஆசிரியர் வரட்டும்னு காத்திருந்தா பிள்ளைங்களே இருந்திருக்க மாட்டாங்க. ஆனா நீஹாவ்க்காரங்களுக்கு வர்ற வருத்தத்தை நாம வெளியில இருந்து அளக்கவும் முடியாது.

கலைச்சொல் விஷயத்துல அவங்க கில்லாடிங்க. 1987-ல் இருந்தே ஒரு சொல்லாக்கக் குழு. கணினிக்கு 'லோலோ உயிலா', அதாவது மின்மூளை. கோப்பைச் சேமிக்கறதுக்கு 'மாலமா', பேணிப் பாதுகாக்கறதுன்னு அர்த்தம். ஒரு கோப்பை மேலேத்தறதுக்கு, படகுல சரக்கு ஏத்தறதுக்குப் பழங்காலத்துல இருந்து இருக்கற சொல்லையே எடுத்துக்கிட்டாங்க.

1994-லயே, இணையம் இன்னும் யார் வீட்டுக்கும் சரியா வராத காலத்துல, 'லேயோகீ'ன்னு முழுக்க ஹவாய் மொழியில இயங்கற கணினித் தகவல் பலகையைப் பள்ளிகளுக்கு நடுவுல ஓட்டினாங்க. மெனுவுல இருந்து பிழைச்செய்தி வரைக்கும் ஹவாய். எழுத்துரு கதை இன்னும் சுவாரசியம். நெடில் உயிருக்கு மேல ஒரு கோடு வரணும், அன்னைக்கு இருந்த குறியீட்டுல அது கிடையாது. அதனால ஜெர்மன் மாதிரி மொழிகள்ல வர்ற, மேல ரெண்டு புள்ளி வச்ச எழுத்தோட இடத்துல கோடு வச்ச எழுத்தை ஒளிச்சு வச்சு சொந்தமா எழுத்துரு செஞ்சாங்க. அந்த எழுத்துரு இல்லாதவன் திறந்தா எல்லாம் புள்ளி புள்ளியாத் தெரியும். பாமினி, திஸ்கின்னு கட்டம் கட்டமாப் பாத்து நொந்துபோன நமக்கு இதெல்லாம் சொல்லித்தான் புரியணுமா என்ன! 2002-ல் ஆப்பிள் தன் இயங்குதளத்துல ஹவாய் விசைப்பலகையைச் சேத்தது. பழைய பத்திரிகைப் பக்கங்களை 2011-ல் இருந்து ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள் கையால தட்டச்சு செஞ்சு ஏத்தினாங்க, அப்படியே நம்ம மதுரைத் திட்டம் மாதிரி.

1999-ல் முதல் செட் பிள்ளைங்க பன்னிரண்டாம் வகுப்பை ஹவாய் மொழியிலேயே முடிச்சு வெளிய வந்தாங்க. நூறு வருஷத்துக்கு அப்புறம் முதல் தடவை. ஹீலோ பல்கலைக்கழகத்துல 1997-லயே ஹவாய் மொழிக்குன்னு தனிக் கல்லூரி வந்துடுச்சு. 2016-ல் மாநில அரசு வெளியிட்ட அறிக்கைப்படி வீட்டுல ஹவாய் பேசறவங்க 18,000-க்கும் மேல. எல்லாருமே சரளம்னு அர்த்தமில்ல, வீட்டுல பேசறோம்னு அவங்களே சொன்ன கணக்கு இது. இருந்தாலும் 50 குழந்தைங்கற இடத்துல இருந்து பாருங்க. 2019-ல் வானியலாளர்கள் முதல் தடவையா ஒரு கருந்துளையைப் படம் பிடிச்சப்ப, அதுக்கு 'போவேஹி'ன்னு ஹவாய்ப் பேர் வச்சவர் யாருன்னு நினைக்கறீங்க? அதே வானொலி கிமுராதான்.

சண்டை முடிஞ்சுடல. 2018 ஜனவரியில மாவி தீவு நீதிமன்றத்துல ஒருத்தர் ஹவாய் மொழியிலேயே பதில் சொன்னார். நீதிபதி அவர் 'வந்ததாவே தெரியல'ன்னு பதிவு செஞ்சு பிடிவாரண்ட் போட்டார்! எதிரே நிக்கற ஆளுக்கு, அதுவும் அந்த மாநில ஆட்சிமொழியில பேசினதுக்கு. எதிர்ப்பு கிளம்பவும் மறுநாளே வாரண்டை ரத்து பண்ணிட்டாங்க. மொழிபெயர்ப்பாளர் விதியையும் மாத்தினாங்க. 2019-ல் லானாய்ங்கற சின்னத் தீவுல இருந்து ஒரு தாய் போட்ட வழக்குல, பிள்ளைங்களுக்கு ஹவாய் வழிக் கல்வி கிடைக்க நியாயமான எல்லா ஏற்பாட்டையும் மாநிலம் செய்யணும், அது அரசியலமைப்புக் கடமைன்னு மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லுச்சு. அந்த வழக்குல கல்வித்துறை சொன்ன சாக்கு, லானாய்க்கு வர ஆசிரியர் கிடைக்கலைங்கறது. 1984-ல் இருந்த அதே பிரச்சனை, வேற தீவுல.

மாவோரிக் கூடுகளோட கதை இன்னும் பெருசு, அதுல ஏத்தம் இறக்கம் ரெண்டும் இருக்கு. அது தனிப் பதிவாத்தான் வரணும். அதுக்குள்ள, பிள்ளைங்களைத் தமிழ் மட்டுமே பேசற மாதிரி வெளியூர்ல வளர்த்துப் பாத்தவங்க யாராவது இருந்தா, மூணு வயசுல இருந்து ஆறு வயசுக்குள்ள என்ன நடந்துச்சுன்னு கொஞ்சம் விரிவா எழுதுங்களேன். படிக்க ஆசையா இருக்கேன்.